சத்தத்துக்கும் உண்டு கணிச்சம்

விடியற்காலை ஐந்தரை மணி. விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் இரவெல்லாம் கடலில் கிடந்த படகுகள் கரை திரும்பிக்கொண்டிருக்கின்றன. ஏலக்காரரின் குரல், கூடைகள் உரசும் ஓசை, காகங்களின் கூச்சல். இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் சாலையோரம் நிற்கும் ஒரு காரின் சத்தம் தனியாகக் கேட்கிறது: டக்-டக்-டக்-டக். தமிழ்நாட்டுப் பதிவெண். கோவளம் பார்க்க வந்த குடும்பம். ஓட்டுபவர் சாவியை மறுபடி திருகுகிறார். மறுபடியும் அதே டக்-டக். ‘பேட்டரி போச்சு மாப்பிள்ளை’ என்கிறார் பின்சீட்டிலிருந்து மாமனார். ‘இல்ல மாமா, செல்ஃப் மோட்டார்’ என்கிறார் முன்சீட்டில் இருக்கும் இன்னொரு மருமகன். தேநீர்க் கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் மலையாளத்தில் மூன்றாவதாக ஒரு காரணம் சொல்கிறார்.

விடுமுறைக் காலத்தில் எந்தக் கடலோர ஊரிலும் காணக்கூடிய காட்சி இது. பெரும்பாலும் முடிவும் ஒன்றுதான். பத்து மணிக்குக் கடை திறந்ததும் புதிய பேட்டரி வாங்கப்படுகிறது. வண்டி உறுமிக் கிளம்புகிறது. மாமனார் வென்றுவிட்டார். ஆனால் மூன்றே வாரத்தில் வீட்டு வாசலில் அதே டக்-டக். புதுப் பேட்டரியும் மோசமா? இல்லை. பழைய பேட்டரியிலும் கோளாறு இல்லை. பேட்டரியின் முனையைக் கவ்வும் டெர்மினலில் பூத்திருந்த உப்பும் துருவும்தான் குற்றவாளி. பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் துரு உதிர்ந்தது. வண்டி தற்காலிகமாகக் குணமானது. அந்தப் புகழ் புதுப் பேட்டரிக்குப் போயிற்று. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து செய்துகொண்டது, ஒரு கம்பி பிரஷ்ஷும் ஒரு குவளை வெந்நீரும் செய்திருக்கக் கூடிய வேலை.

சாவியைத் திருகியதும் கார் எழுப்பும் விநோத சத்தங்களைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். சத்தத்தைக் கேட்கத் தவறுவதில்லை யாரும். ஒரே ஒரு சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் கோளாறு.

இந்த விஷயத்தில் விழிஞ்ஞத்து மீனவர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள இந்த ஊர் இன்று நாட்டுக்கெல்லாம் தெரிவது, பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கிவைத்த சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால். ஆனால் இந்தக் கரையின் பழைய அறிவு வேறு. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளை, அதாவது பார்களை, மீனவர்கள் கண்டுபிடிக்கும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையில் தெரியும் ஒரு மலையுச்சியையும் அதற்கு முன்னால் உள்ள ஒரு கோபுரத்தையும் நேர்க்கோட்டில் பார்ப்பார்கள். அது ஒரு கோடு. அந்தக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் படகு இருக்கலாம். அதனால் வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் கொண்டுவருவார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார். ஒரு கோட்டை மட்டும் நம்பித் தூண்டில் இறக்குபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

காரின் சத்தமும் ஒரு கோடுதான். இரண்டாவது கோட்டைத் தேடாதவரை கோளாறு இருக்கும் இடம் தெரியாது.

உப்பின் கைவரிசை

கடலோரத்தில் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்று கரைக்குச் சுமந்து வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் இந்த உப்பு மிக அதிகமாகப் படிகிறது. உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். திருவனந்தபுரம் கடற்கரையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியே இருக்கும். அதாவது பகலில் காய்ந்த தூளாக இருந்த உப்பு, இரவில் உப்புநீர்ப் படலமாக மாறி உலோகத்தை அரிக்கிறது. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், சென்னை பெசன்ட் நகர் என எங்கும் இதே கதைதான்.

அரிப்பு முதலில் தாக்குவது மின் இணைப்புகளை. பேட்டரி முனை, எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை, செம்புக் கம்பி டெர்மினலுக்குள் நுழையும் இடம். கம்பியின் உறைக்குள் பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டே போகும் அரிப்பு வெளியிலிருந்து தெரியாது.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. செல்ஃப் மோட்டார் ஒரு சாதாரண பெட்ரோல் காரைச் சுழற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். அரித்துப்போன இணைப்பில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியில் அது பெரும் நஷ்டம். அதே இணைப்பின் வழியாக முகப்பு விளக்குகளுக்குப் போவது சுமார் 10 ஆம்பியர்தான். அதற்கு ஏற்படும் இழப்பு வெறும் 0.2 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ‘லைட் நன்றாக எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கவில்லை?’ என்று குழம்புகிறவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. சும்மா எரியும் விளக்கு எதையும் நிரூபிப்பதில்லை. சாவியைத் திருகும் அந்த நொடியில் விளக்கு என்ன ஆகிறது என்பதே சாட்சி.

கைப்பிடியிலிருந்து செல்ஃபுக்கு

செல்ஃப் என்று தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொல், கார் தானாகவே கிளம்பியதன் வியப்பில் பிறந்தது. அதற்கு முன் எஞ்சினின் முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரின் பழைய வண்டிகளில் கைப்பிடியும் கூடவே இருந்தது. பேட்டரி கைவிட்ட காலைகளில் ஓட்டுநர்கள் அதைத்தான் நம்பினார்கள். தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் சொந்தப் பங்கும் உண்டு. 1961 இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் சென்னை பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்களைத் தயாரித்து வருகிறது.

சாவியைத் திருகியதும் மூன்று காரியங்கள் வரிசையாக நடக்கின்றன. சொலினாய்ட் என்னும் மின்காந்தம் ஒரு சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தில் கோர்க்கிறது. அதே நகர்வில் ஒரு தடித்த செம்புத் தொடுமுனை மூடி மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சின் உயிர் பெற்றதும் சிறிய சக்கரம் பின்வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு விநோத சத்தமும் இந்த வரிசையில் ஏதோ ஒரு படி தடுக்கிவிட்டதன் அறிகுறி.

சத்தமும் அதன் இரண்டாம் கோடும்

டக்-டக்-டக் என்ற வேகமான தொடர் சத்தம்: சொலினாய்ட் மூடுகிறது; மோட்டார் மின்சாரத்தை இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது; சொலினாய்டின் பிடி விட்டுப்போகிறது; மோட்டார் நின்றதும் வோல்டேஜ் மீள்கிறது; மறுபடி மூடுகிறது. நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்த இழுபறிதான் சத்தம். மின்சாரம் போதவில்லை என்பது இதன் பொருள். எங்கே போதவில்லை? முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருக வேண்டும். விளக்கு மங்கிச் சிவந்தால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். விளக்கு பிரகாசமாகவே இருந்தால் எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டையைச் சந்தேகிக்கலாம்.

பேட்டரியா டெர்மினலா என்று பிரிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். மீட்டரின் ஊசிகளை டெர்மினலில் வைக்காமல், பேட்டரியின் ஈய முனைகளிலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மீதி. சாவியைத் திருகும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். விளக்கு மங்கியும் மீட்டர் 11, 12 என்று நிமிர்ந்து நின்றால் பேட்டரி நிரபராதி. இடையில் உள்ள டெர்மினல்தான் மின்சாரத்தைத் தின்கிறது. எர்த் பட்டையைச் சோதிக்க இன்னும் சுலபமான வழி: ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் கவ்வவிட்டுத் திருகினால், வண்டி கிளம்புகிறதா? அப்படியென்றால் பட்டைதான் குற்றவாளி என்பது உறுதி.

ஒரே ஒரு ‘டக்’, பிறகு மௌனம்: இதில்தான் கவனம் வேண்டும். விளக்கு பிரகாசம் குறையாமல் இருந்தால் சொலினாய்ட் தொடுமுனை கருகியிருக்கலாம் அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருக, மோட்டாரின் உடலை ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் சில சமயம் கிளம்பும். பல மெக்கானிக்குகள் செய்யும் வித்தை இது. ஆனால் தட்டல் சிகிச்சை அல்ல. பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்கான ருசு. பிரஷ் மாற்றச் சில நூறு ரூபாய் ஆகலாம். முழு மோட்டாரை மாற்றச் சில ஆயிரங்கள். எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிற உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. அதே ஒற்றை ‘டக்’கோடு விளக்கும் அடியோடு மங்கினால்? மோட்டார் முழு பலத்தோடு முயல்கிறது, எஞ்சின் அசைய மறுக்கிறது என்று பொருள். அந்த ஆபத்து பின்னால் வருகிறது.

சத்தமே இல்லை, விளக்கு மட்டும் பளிச்: கட்டளை சொலினாய்ட் வரை போய்ச் சேரவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால்தான் கிளம்பும் வண்டிகளில் கிளட்ச் ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் நிலை. லீவரை ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றியதும் கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுழலும் சத்தம்: பல்சக்கரம் கோர்க்கவில்லை அல்லது வழுக்குகிறது. பட்டறைகளில் ‘பெண்டிக்ஸ்’ என்று சொல்லும் பாகம். பழைய அம்பாசடர் காலத்து மோட்டார்களில் அழுக்கேறியே இது சிக்கிக்கொள்ளும். அதற்கு எண்ணெய் விடுவது தவறு. எண்ணெய் கிளட்ச் தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கலை இரட்டிப்பாக்கும்.

‘கர்ர்ர்’ என்று பற்கள் அரைபடும் சத்தம்: ஒரு நாள் வரும், மறுநாள் வராது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் கட்டாயம் வராது. இதற்கும் காரணம் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது உள்ளே அழுத்தப்பட்ட காற்றின் எதிர்ப்பால் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சினில் மூன்று நிலைகள். எனவே பல்வளையத்தில் அந்த இடங்கள் மட்டும் தேய்கின்றன. வண்டியைக் கியரில் போட்டு அரை அடி தள்ளி, பிறகு நியூட்ரலில் வைத்துத் திருகினால் சத்தமின்றிக் கிளம்புகிறதா? அப்படியென்றால் தேய்ந்தது வளையத்தின் பற்கள். எங்கு நின்றாலும் அரைத்தால் மோட்டாரின் சிறிய சக்கரம் அல்லது அதன் இறுக்கம். முதலாவதற்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டாவதற்கு வேண்டாம். கூலியில் உள்ள வித்தியாசம் பெரியது.

கிளம்பியதும் ‘கீச்ச்’ என்ற அலறல்: ஃபேன் பெல்ட். ஸ்டார்ட் செய்ததில் இழந்த சக்தியை ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அது; சுமை கூடுவதால் தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் மேல் சிறிது தண்ணீரைத் தூரத்திலிருந்து பீய்ச்சினால், சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. கணநேரம் மறைந்து திரும்பினால் கப்பி நேர்க்கோட்டில் இல்லை. சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

கிளம்பியதும் ‘டிக்-டிக்’ அல்லது ‘கடகட’: இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். டேப்பட்டுக்கும் டைமிங் செயினுக்கும் அது ஏறிவர ஓரிரு நொடி ஆகும். இரண்டாம் கோடு டேஷ்போர்டில் உள்ள சிவப்பு எண்ணெய் விளக்கு. விளக்கும் சத்தமும் இரண்டு மூன்று நொடிக்குள் ஒன்றாக மறைந்தால் பதற வேண்டாம். எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். விளக்கு அணையாவிட்டால், அல்லது அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த ‘டொக் டொக்’ கேட்டால், உடனே அணைத்துவிட வேண்டும். பேரிங் தேய்மானமாக இருக்கலாம். பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்ற ஆசை எஞ்சினையே பலி வாங்கும்.

நியூட்ரலில் நிற்கும்போது உறுமல்: கிளட்சை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதித்ததும் மறைந்தால் கியர் பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஒரே சத்தம், எதிரெதிர் தீர்ப்புகள். பிரித்துக் காட்டியது ஒரு பெடல்.

திருகக் கூடாத நேரம்

மேலே சொன்ன தவறுகளில் நஷ்டம் சில ஆயிரங்களோடு போகும். ஒரு தவறு மட்டும் எஞ்சினின் விலையைக் கேட்கும்.

2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீர் வடிந்த தெருக்களில் மக்கள் முதலில் செய்ய நினைப்பது, ‘வண்டி கிளம்புகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருகுவது. எஞ்சினின் சிலிண்டரில் காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே ஒரு கோப்பை நீர் புகுந்திருந்தாலும் மேலே வரும் பிஸ்டன் கல்லில் மோதியது போல நிற்கும். அப்போது கேட்பதுதான் அந்தக் கனத்த ஒற்றை ‘டக்’. கூடவே விளக்குகள் அடியோடு மங்கும். பேட்டரி இறங்கிவிட்டது என்று எண்ணி வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்து முயல்வார்கள். கனெக்டிங் ராடு வளையும். சிலிண்டரில் இடைவெளி குறைவாக உள்ள டீசல் வண்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

இங்கே இரண்டாம் கோடு சத்தத்தில் இல்லை. வண்டியின் உடம்பிலும் அன்றைய வானிலையிலும் இருக்கிறது. கதவின் உட்புறத்தில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது? ஏர் ஃபில்டர் ஈரமா? எண்ணெய்க் கம்பியை உருவினால் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சாவியைத் தொடக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றினால் எஞ்சின் பிழைக்க வாய்ப்பு உண்டு. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் நேரும் எஞ்சின் சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். பழுதான எஞ்சினோடு இழப்பீடும் போவது இப்படித்தான்.

கருவியும் காதும்

இன்றைய பட்டறைகளில் காதுக்கு வேலை குறைந்துவிட்டது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் ஒற்றி, பேரிங் பேரிங்காகக் கேட்டுச் சொல்லும் ஆசான்கள் அருகி வருகிறார்கள். இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில் பாய்கிறது, அந்த எளிய கம்பி ஒரு நல்ல ஸ்டெதாஸ்கோப். இப்போது ஸ்கேனரை மாட்டினால் வண்டியின் கணினியே பழுதுக் குறியீடுகளைச் சொல்லிவிடுகிறது. பல கோளாறுகளுக்கு இது பெரும் வரம்தான். ஆனால் துருப்பிடித்த எர்த் பட்டைக்கு என்று ஒரு குறியீடு கிடையாது. மாறாக, ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுந்தால் சம்பந்தமில்லாத சென்சார்கள் எல்லாம் கெட்டுவிட்டதாகக் கணினி புகார் எழுதும். அந்தப் பட்டியலை அப்படியே நம்பி சென்சார்களை மாற்றத் தொடங்கினால், அதுவும் ஒரே கோட்டில் தூண்டில் போடும் வேலைதான்.

மின்சார கார்களில் செல்ஃப் மோட்டாரே இல்லை. ஆனாலும் பட்டனை அழுத்தியதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்: பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் மூடும் ஒலி. அதை மூட வைப்பது பெரும்பாலான வண்டிகளில் இன்றும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழாது. தொழில்நுட்பம் மாறினாலும் உப்பும் டெர்மினலும் விடுவதாக இல்லை.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதும் சுலபம். ‘என்னமோ ஒரு சத்தம் வருதுண்ணே’ என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போகிறவருக்கு அவர் வேறு என்னதான் செய்ய முடியும்? வண்டி பட்டறைக்கு வரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும்; காலைச் சத்தம் ஓடிப்போயிருக்கும். எனவே சாட்சியத்தைச் சேகரிக்க வேண்டியது வண்டிக்காரர். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓடி நின்ற பிறகா? எத்தனை நொடி? விளக்கு மங்கியதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? மழைக்குப் பிறகா, கடலோரத்தில் நிறுத்திய மறுநாளா? இந்த ஐந்து கேள்விகளுக்கு விடையும், கைப்பேசியில் ஒருமுறை இருக்கையிலிருந்தும் ஒருமுறை திறந்த பானெட் அருகிலிருந்தும் எடுத்த இரண்டு ஒலிப்பதிவுகளும் இருந்தால், நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. நல்லவர் அல்லாதவருக்கோ, அவை ஒரு எச்சரிக்கை.

விழிஞ்ஞத்துப் படகுகளில் உள்ள அவுட்போர்டு எஞ்சினைக் கயிறு இழுத்துத்தான் கிளப்புகிறார்கள். கயிறு லேசாக வந்தால் அழுத்தம் போய்விட்டது. வராமல் முரண்டினால் உள்ளே இறுகிவிட்டது. காது ஒரு கோடு, உள்ளங்கை ஒரு கோடு. நடுக்கடலில் தவறான பாகத்தைக் கழற்றி விளையாட நேரம் இல்லை. கரையில் நிற்கும் கார்க்காரருக்கு அந்த நேரம் தாராளமாக இருக்கிறது. அதனால்தானோ என்னவோ அவசரப்படுகிறார்.

அந்தக் குடும்பத்தின் காருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்: சாவியை எடுத்துவிட்டு முதலில் நெகடிவ் டெர்மினலையும் பிறகு பாசிடிவையும் கழற்றுவது, சமையல் சோடா கலந்த வெந்நீரில் துருவைக் கழுவுவது, முனையும் கவ்வியும் பளபளக்கும் வரை கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, நன்றாகத் துடைத்து, பாசிடிவை முதலிலும் நெகடிவைக் கடைசியிலும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுவது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும் என்பதால் பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ கூடாது. கால் மணி நேர வேலை. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால், அந்த டக்-டக்கைக் கேட்க வேண்டிய அவசியமே அநேகமாக வராது.

மாமனாரும் மருமகனும் சத்தத்தைச் சரியாகத்தான் கேட்டார்கள். இன்னொரு முறை சாவியைத் திருகும்போது முகப்பு விளக்கையும் பார்த்து, கையில் ஒரு மீட்டரும் இருந்திருந்தால் வாக்குவாதமே முடிந்திருக்கும். பார் எங்கே இருக்கிறது என்பதைக் கடலையே வெறித்துப் பார்த்து யாரும் கண்டுபிடித்ததில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தவர்களே கண்டுபிடித்தார்கள்.